மாண்ட குதிரைக்கு ஐந்நூறு பொன்

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் பொருளை யாவரும் அறிவோம். உயிருடன் உள்ள யானை போருக்கும் ஊர்வலத்துக்கும் உதவும். மாண்ட யானையின் தந்தம் விலை போகும். ஆதலின் இரு நிலையிலும் அதன் மதிப்புக் குன்றுவதில்லை. ஆனால், மாண்டுபோன குதிரைக்கு என்ன மதிப்பு உண்டு? அதன் எலும்பைப் பொன் கொடுத்து வாங்குவார் யார்? வாங்கினான் ஒருவன் என்றும், அதுவே அறிவுடைய செயலாயிற்று என்றும் கூறுகிறது சீன நாட்டு மரபுத்தொடர் ஒன்று. அத்தொடரின் பொருளையும், அது பிறந்த வரலாற்றையும், அவ்வரலாற்றின் பிற்பகுதி நமக்கு உணர்த்தும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

சீன மொழியில் நான்கு எழுத்துக்களால் அமைந்த மரபுத்தொடர்கள் மிகப் பல. அவற்றைச் ‘செங்யூ’ என்பர். பழங்கதையோ வரலாற்று நிகழ்ச்சியோ பலவற்றின் பின்னே மறைந்து நிற்கும். நாம் எடுத்துக்கொண்ட தொடர் ‘சியென் ஜின் மாய் கு’ என்பது. சியென் என்பது ஆயிரம். ஜின் என்பது பொன். மாய் என்பது வாங்குதல். கு என்பது எலும்பு. ‘ஆயிரம் பொன்னுக்கு எலும்பை வாங்குதல்’ என்பது நேர்பொருள். திறமுடையோரைத் தம்பால் ஈர்க்க விரும்புவோர், செலவும் சிரமமும் பாராது, தம் விருப்பம் மெய்யானது என்பதைச் செயலால் காட்டுதல் என்பது வழக்கில் உள்ள பொருள்.

யென் நாட்டின் வீழ்ச்சி

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் கி.மு. 221 வரை சீனம் ஒரு குடைக்கீழ் இருக்கவில்லை. ஏழு பெருநாடுகள் ஓயாது பொருது வந்தன. வரலாற்றாசிரியர் அக்காலத்தைப் ‘போரிடும் நாடுகளின் காலம்’ என்பர். அந்த ஏழனுள் வடகிழக்கே இருந்தது யென் நாடு. இன்றைய பெய்ஜிங் நகரம் இருக்கும் இடத்திலேயே அதன் தலைநகர் இருந்தது. ஏழு நாடுகளுள் வலிமை குன்றியதாக எண்ணப்பட்டதும் இதுவே.

யென் நாட்டின் தெற்கே, இன்றைய ஷாண்டோங் பகுதியில் இருந்தது சி நாடு. உப்பும் மீனும் அதற்கு வற்றாத செல்வம் தந்தன. அதன் தலைநகர் லின்சி, மக்கள் நெருங்கி வாழ்ந்த மாநகர். அந்நகர வாயில் ஒன்றின் அருகே ஜிஷியா என்னும் இடத்தில் சி நாட்டு மன்னர் அறிஞர்களுக்கு மாளிகைகள் அமைத்துக் கொடுத்தனர். சுவான் என்னும் மன்னன் காலத்தில் எழுபத்தாறு அறிஞர் ஆட்சிப் பொறுப்பு ஏதுமின்றி உயர்பதவிச் சிறப்புப் பெற்று, உரையாடுவதையே தொழிலாகக் கொண்டு அங்கே வாழ்ந்தனர் என்று சிமா சியென் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் எழுதியுள்ளார். செல்வமும் கல்வியும் ஒருங்கே திகழ்ந்த அந்நாட்டுக்கு அருகே, ஏழ்மையுற்ற யென் நாட்டை எந்த அறிஞன் நாடுவான்?

இந்நிலையில் யென் நாட்டுக்குப் பெருங்கேடு ஒன்று விளைந்தது. குவாய் என்னும் மன்னன் தன் அமைச்சன் ஒருவனை அளவிறந்து நம்பினான். பண்டைச் சீனத்தின் யாவோ என்னும் அறவேந்தன், மகனை விடுத்துத் தகுதியுடைய ஒருவனுக்கு அரசளிக்க முன்வந்தான் என்பது அந்நாட்டு மரபு. அப்புகழ் தனக்கும் வருமென்று சிலர் தூண்ட, குவாய் மன்னன் தன் அரியணையையே அமைச்சனுக்கு அளித்துவிட்டான். தகுதியை ஆராய்ந்து தந்த பதவி அன்று அது; ‘தகுதியைப் போற்றினான்’ என்னும் பெயருக்காகத் தந்தது. சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. கி.மு. 314-இல் சி நாட்டுப் படை உள்ளே புகுந்தது. கோட்டை வாயில்களை அடைப்பாரும் இல்லை; எதிர்த்து நிற்பாரும் இல்லை. மன்னனும் மாண்டான்; அமைச்சனும் மாண்டான். வந்த படையின் கொடுமை தாங்காது மக்கள் கிளர்ந்தெழுந்த பின்னரே பகைவர் வெளியேறினர்.

கி.மு. 311-இல் குவாய் மன்னனின் மகன் அரியணை ஏறினான். அவனைச் சாவோ மன்னன் என்று வரலாறு குறிக்கும். அவனுக்கு வாய்த்தது பாழ்பட்ட நாடு. நெஞ்சில் இருந்தது பழிதீர்க்கும் வேட்கை. படைவலியால் சி நாட்டை வெல்ல இயலாது என்பதை அவன் உணர்ந்தான். முதலில் வேண்டுவது அறிவும் ஆற்றலும் உடைய மனிதர். அவர்களை எங்ஙனம் வரவழைப்பது? இவ்வினாவுடன் அவன் சென்ற இடம் குவோ வெய் என்பவரின் இல்லம்.

குவோ வெய் சொன்ன கதை

குவோ வெய் திசையெல்லாம் புகழ் பரவிய பேரறிஞர் அல்லர். யென் நாட்டிலேயே வாழ்ந்த சான்றோர் ஒருவர். அவர் முதலில் மன்னனுக்கு ஓர் உண்மையை எடுத்துரைத்தார். பேரரசனாக உயர்பவன் ஆசிரியரோடு வாழ்கிறான். மன்னனாக நிலைப்பவன் நண்பரோடு வாழ்கிறான். படைவலியால் தலைமை கொள்பவன் பணியாளரோடு வாழ்கிறான். நாட்டை இழப்பவனோ ஏவலரோடு வாழ்கிறான் என்பது அவர் கருத்து. வணங்கிக் கற்பவனிடம் அவனினும் நூறு மடங்கு மேலானவர் வருவர்; சாய்ந்தமர்ந்து விழி உருட்டி ஏவுபவனிடம் குற்றேவல் செய்வாரே வருவர் என்றும் அவர் விளக்கினார். ஆள் தேடுமுன் தன் நிலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

‘அங்ஙனமாயின் யாரை முதலில் சென்று காண்பது?’ என்று மன்னன் வினவினான். அப்போது குவோ வெய் சொன்னதே குதிரைக் கதை.

முன்னொரு காலத்தில் ஒரு மன்னன், ஒரே நாளில் ஆயிரம் லி ஓடும் குதிரைக்கு ஆசைப்பட்டான். லி என்பது சீனர்களின் நெடுந்தொலைவு அளவை. அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய குதிரைக்கு ஆயிரம் பொன் தருவதாக அறிவித்தும் மூன்று ஆண்டுகள் வரை ஒன்றும் கிட்டவில்லை. அரண்மனைப் பணியாள் ஒருவன் தான் தேடி வருவதாகப் புறப்பட்டான். மூன்று திங்களில் அத்தகைய குதிரை ஒன்றைக் கண்டுபிடித்தான். ஆனால் அது மாண்டுவிட்டிருந்தது. அவன் சற்றும் தயங்காது ஐந்நூறு பொன் கொடுத்து அக்குதிரையின் எலும்பை வாங்கி வந்தான். உயிருள்ள குதிரையைக் கேட்டால் செத்த குதிரைக்குப் பொன்னைத் தொலைத்தாயே என்று மன்னன் சீறினான். பணியாளோ, செத்த குதிரைக்கே ஐந்நூறு பொன் கொடுக்கும் மன்னன் உயிருள்ளதற்கு எவ்வளவு கொடுப்பான் என்று இனி உலகம் எண்ணும் என்றும், குதிரைகள் தாமே வந்து சேரும் என்றும் விடை கூறினான். ஓராண்டு நிறையுமுன் ஆயிரம் லி ஓடும் குதிரைகள் மூன்று வந்து சேர்ந்தன.

கதையை முடித்த குவோ வெய் தம்மையே அந்த எலும்பாக வைத்துப் பேசினார். ‘அறிஞரை வரவழைக்க வேண்டுமாயின் என்னிடமிருந்து தொடங்குக, என் போன்ற எளியவனே மதிக்கப்படுகிறான் என்றால் என்னினும் மேலோர் தொலைவைப் பொருட்படுத்துவரோ?’ என்பது அவர் உரையின் சாரம். தன்னை உயர்த்திச் சொல்லிப் பதவி வேண்டுவார் உலகில் பலர். தன்னைச் செத்த குதிரையின் எலும்பென்று சொல்லி முதலிடம் வேண்டியவர் இவர் ஒருவரே போலும்! மன்னன் அவருக்கு மாளிகை எழுப்பி, அவரைத் தன் ஆசிரியராகக் கொண்டான்.

இக்கதை இடம்பெற்ற நூல், ‘போரிடும் நாடுகளின் சூழ்ச்சியுரைகள்’ என்று பொருள்படும் ‘ஜான் குவோ சே’. கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ சியாங் என்பவர் பழைய ஓலைகளிலிருந்து தொகுத்தது அது. அவருக்கு முற்பட்ட சிமா சியென் தம் வரலாற்று நூலில் ‘என்னிடமிருந்து தொடங்குக’ என்னும் உரையைக் கூறுகிறார். குதிரைக் கதையைக் கூறவில்லை. கதையில் கொடுத்த விலை ஐந்நூறு பொன். மரபுத்தொடரிலோ ஆயிரம் பொன். அறிவித்த விலை கொடுத்த விலையாக மாறி மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

விலை எதற்கு?

மூன்று ஆண்டுகளாக ஆயிரம் பொன் என்று அறிவித்தபோது வராத குதிரைகள், ஐந்நூறு பொன் வீணானபின் வந்தது ஏன்? நல்ல குதிரை வைத்திருந்தவன் அரண்மனை வாயிலுக்கு அதனை ஓட்டி வர அஞ்சியிருப்பான். சொன்ன விலையைக் கொடுப்பார்களா, குறை சொல்லிக் குறைப்பார்களா, வெறுங்கையோடு துரத்துவார்களா என்று ஐயுற்றிருப்பான். அறிவித்த விலை வெறும் சொல். கொடுத்த விலை செயல். ஆதலின் பணியாள் வாங்கியது எலும்பை அன்று. மன்னன் சொல்லின்மேல் ஊரார் வைக்கும் நம்பிக்கையை.

யென் நாட்டுக்கு இந்நம்பிக்கை மிகவும் வேண்டியிருந்தது. தகுதியைப் போற்றுகிறோம் என்ற பெயரால் அரசையே பாழாக்கிய நாடு அது. ‘மீண்டும் அதே பேச்சா?’ என்று உலகம் நகைத்திருக்கும். புகழுக்காகப் பதவி தந்தான் தந்தை. புகழில்லாத ஒருவரை மதித்துக் காட்டினான் மகன். இருவர் செயலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணினும் அடிப்படை வேறு.

வந்தவர் யார்?

யுவே யீ, சோவ் யென், ஜு ஷின் ஆகியோர் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தனர் என்று பழைய நூல்கள் கூறும். சோவ் யென் என்பவர் ஐம்பூதக் கொள்கையால் புகழ்பெற்றவர். ஜிஷியா அறிஞருள் ஒருவர். அவர் சாவோ மன்னனிடம் வந்தார் என்பது ஆண்டுக்கணக்கோடு பொருந்தாது என்று ஐயுறும் ஆய்வாளரும் உளர். ஆனால் யுவே யீயின் வருகை ஐயத்திற்கு இடமற்றது. அதுவே யென் நாட்டின் விதியை மாற்றியது.

யுவே யீ போர்த்தலைவர் குடியில் தோன்றியவர். முதலில் அவர் இருந்தது சாவோ நாட்டில். (மன்னன் சாவோ வேறு, நாடு சாவோ வேறு; சீன எழுத்தில் வேறுபட்டவை தமிழெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.) கி.மு. 295-இல் அந்நாட்டு அரண்மனையில் பெருங்கலகம் நிகழ்ந்தது. அதன்பின் அவர் வெய் நாட்டுக்குச் சென்றார். அங்கிருந்தபோது, யென் மன்னன் தன்னைத் தாழ்த்திக் குவோ வெய்யைப் போற்றிய செய்தி அவர் செவிக்கு எட்டியது. வெய் நாட்டின் தூதராக யென் நாட்டுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். குவோ வெய்க்கு மாளிகை எழுப்பியதற்கும் யுவே யீ வந்ததற்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கதையிலே ஓராண்டில் குதிரை வந்தது. வரலாற்றிலே அத்துணை விரைவில் வரவில்லை. நடுவே கைசலித்திருந்தால் அவ்வெலும்பு வெறும் எலும்பாகவே கிடந்திருக்கும்.

அரியணை ஏறிய இருபத்தெட்டாம் ஆண்டாகிய கி.மு. 284-இல், சாவோ மன்னன் பிற நாடுகளையும் துணை சேர்த்துக்கொண்டு சி நாட்டின்மீது படையெடுத்தான். யுவே யீ படைத்தலைமை தாங்கினார். லின்சி மாநகர் வீழ்ந்தது. சி மன்னன் ஓடினான். ஐந்து ஆண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்ட நகரங்கள் யென் நாட்டின் கைக்கு வந்தன. ஜூ, ஜிமோ என்னும் இரண்டு நகரங்கள் மட்டுமே எஞ்சி நின்றன.

அப்போது யுவே யீயைப் பற்றிப் பழி தூற்றுவாரும் தோன்றினர். அவர் அவ்விரு நகரங்களையும் வேண்டுமென்றே விட்டுவைத்துத் தாமே சி நாட்டு மன்னராக நினைக்கிறார் என்றனர். சாவோ மன்னன் அவையோர் முன்னிலையில் பழி சொன்னவனைத் தண்டித்து, யுவே யீயைச் சி நாட்டு மன்னராகவே ஆக்க முன்வந்தான் என்றும், அவர் நடுங்கி மறுத்துவிட்டார் என்றும் கி.பி. 1084-இல் சிமா குவாங் முடித்த வரலாற்றுப் பெருநூல் கூறுகிறது.

ஓர் ஐயம் செய்த அழிவு

மரபுத்தொடரை விளக்குவோர் பெரும்பாலும் வெற்றியோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

கி.மு. 279-இல் சாவோ மன்னன் மறைந்தான். அவன் மகன் ஹுய் அரியணை ஏறினான். இளவரசனாக இருந்த காலத்திலிருந்தே அவனுக்கு யுவே யீயின்மீது மனக்கசப்பு உண்டு. ஜிமோ நகரைக் காத்து நின்ற தியென் டான் என்னும் தலைவன் இதனை அறிந்து, பழைய வதந்தியையே மீண்டும் பரப்பினான். தந்தை காதில் ஏறாத சொல் மகன் காதில் ஏறியது. யுவே யீயை விலக்கி வேறொருவனைப் படைத்தலைவனாக்கினான் மன்னன். யென் நாட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்றுணர்ந்த யுவே யீ சாவோ நாட்டுக்கே சென்றுவிட்டார். சாவோ நாடு அவரைச் சிறப்புடன் ஏற்றது.

பின்னர் நிகழ்ந்தது சீனச் சிறுவரும் அறிந்த கதை. தியென் டான் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகளைத் திரட்டி, வண்ணத்துணி போர்த்தி, கொம்புகளில் கத்தி கட்டி, வாலில் எண்ணெய் தோய்த்த நாணற்கற்றைகளைப் பிணைத்துத் தீயிட்டு இரவில் ஏவினான். யென் படை சிதறியது. எழுபது நகரங்களும் கைநழுவின. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்தது ஓர் ஐயத்தினால் அழிந்தது.

ஹுய் மன்னன் வருந்தி யுவே யீக்கு ஓலை விடுத்தான். அவர் எழுதிய மறுமொழி சீன உரைநடையின் தலைசிறந்த மடல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. பிரிந்தவரைப் பழிப்பது சான்றோர்க்கு அழகன்று என்பதும், தன்னைத் தூயனாக்கிக் காட்டுவதற்காக விட்டுவந்த நாட்டைத் தூற்றுதல் தகாது என்பதும் அதில் அவர் கொண்ட நெறி. அவர் பகைவனாகத் திரும்பவில்லை. ஆனால் யென் நாட்டுப் படைக்குத் தலைமை ஏற்கவும் திரும்பவில்லை.

ஆராயாமல் ஒருவனை நம்புதல், நம்பியபின் அவனை ஐயுறுதல் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தின் முடிந்த கருத்து. யென் நாட்டு மூன்று தலைமுறை வரலாறு அக்கருத்துக்கே எழுதிய உரை போன்றது. பாட்டன் ஆராயாது நம்பினான். பேரன் நம்பத்தக்கவரை ஐயுற்றான். இடையே வந்தவன் இரண்டு பிழையும் செய்யாது நாட்டை உயர்த்தினான்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கி.மு. 237-இல் சின் நாட்டில், பிற நாட்டிலிருந்து வந்து பதவி வகிப்போர் அனைவரையும் வெளியேற்ற ஆணை பிறந்தது. சூ நாட்டிலிருந்து வந்திருந்த லி சு என்பவரும் வெளியேற்றப்பட வேண்டியவருள் ஒருவர். அவர் மன்னனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, சின் நாட்டை உயர்த்தியோருள் வெளியிலிருந்து வந்தவர் எத்துணைப் பேர் என்பதைப் பெயர் சொல்லி நினைவூட்டினார். மன்னன் ஆணையைத் திரும்பப் பெற்றான். பதினாறு ஆண்டுகளில், கி.மு. 221-இல், சீனம் முழுதும் அவன் குடைக்கீழ் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே யென் நாடு அவன் படையால் அழிந்துவிட்டது.

மேடையும் பழமொழியும்

சாவோ மன்னன் ஒரு மேடை கட்டி அதன்மேல் பொன்னை வைத்து அறிஞரை அழைத்தான் என்று பிற்காலத்தில் ஒரு மரபு தோன்றியது. பழைய நூலில் மாளிகை உண்டே தவிர மேடை இல்லை. ஆயினும் ‘பொன் மேடை’ கவிஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் சென் சி ஆங்கும், அடுத்த நூற்றாண்டில் லி பாயும் தம்மை மதிப்பார் இல்லாத துயரைச் சொல்ல யென் மன்னனையே நினைந்தனர். இன்று பெய்ஜிங் நகரின் சுரங்க இரயில் நிலையம் ஒன்று ‘ஜின்தாய் ஷிசாவோ’ என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. ‘பொன் மேடையில் அந்தி ஒளி’ என்பது அதன் பொருள்.

இக்கதை ஜப்பானுக்கும் சென்றது. அங்கே ‘முதலில் காயிடமிருந்து தொடங்குக’ என்று அது பழமொழியாயிற்று. வெய் என்னும் பெயரை ஜப்பானியர் ‘காய்’ என்று ஒலிப்பர். ஆனால் அவர்கள் வழக்கில் பொருள் சற்றுத் திரும்பிவிட்டது. பெருஞ்செயலை அருகிலுள்ள சிறியதிலிருந்து தொடங்குக என்பது ஒரு பொருள். சொல்பவரே முதலில் செய்க என்பது மற்றொன்று.

நமக்கு

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுள் பெரும்பாலோர் பிறந்த ஊரை விட்டுத் தொழில் நாடி வந்தவர்கள். நாம் இந்நகருக்கு வந்தது எங்ஙனம்? செய்தித்தாளில் கண்ட ஊதியம் மட்டுமா நம்மை அழைத்தது? நமக்கு முன் வந்த ஒருவர் இங்கே மதிப்போடு வாழ்கிறார் என்று ஊரிலே கேட்டோம். அதன்பின் இரயில் ஏறினோம். அந்த முதல் மனிதருக்குக் கிடைத்த மதிப்பே நமக்கு வந்த அழைப்பு.

ஆண்டுதோறும் நம் போன்ற சங்கங்களின் அறிக்கையில், ‘இளைஞர்கள் முன்வந்து பொறுப்பேற்க வேண்டும்’ என்ற வேண்டுகோள் தவறாது இடம்பெறுகிறது. அது அறிவித்த விலை. இதுவரை வந்த இளைஞரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதே கொடுத்த விலை. நாற்காலி எடுத்துப்போட்டவனின் பெயரை நாம் அறிந்தோமா? கணக்கு எழுதியவனின் கருத்தைச் செயற்குழுவில் கேட்டோமா? புதிதாக ஒன்றைச் செய்ய முயன்றவனைப் பற்றி யாரோ குறை கூறியபோது, சாவோ மன்னனாக நின்றோமா, ஹுய் மன்னனாக நின்றோமா? வாராதவரைப் பற்றிக் குறைப்படுமுன் வந்தவரிடமிருந்து கணக்கைத் தொடங்குதல் நலம்.

ஆயிரம் லி ஓடும் குதிரைகள் எக்காலத்தும் எவ்வூரிலும் உண்டு. அவை எங்கோ ஒரு வேலிக்கப்பால் நின்று, நம் வாயிலில் முன்னே வந்த குதிரைக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காத்திருந்து நோக்குகின்றன.